எந்த எம். ஏழுமலை?

1974 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை. காலை ஏழேகாலுக்கு ஆபீஸ் திறந்தது. ரயிலில் வந்த பையைப் பிரித்தோம், தேதி முத்திரை குத்தினோம், ஊர்வாரியாக அடுக்கினோம். சைக்கிளின் பின்சக்கரத்துக்குக் காற்று அடித்தேன். எட்டரைக்கு நாஷ்டா, இரண்டு இட்லி. என் டைரியில் அன்றைக்கு நான் முதலில் எழுதியது இவ்வளவுதான். இத்துடன் அந்த நாள் முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் இதைப் படிக்கிற வேலை மிச்சம்.

தபால்காரர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் ஒரு விதியைச் சொல்லியிருப்பார்கள். பதிவுத் தபாலை விலாசதாரரிடம் மட்டுமே கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். அருமையான விதி. விலாசதாரர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டார்கள். புத்தகம் எழுதியவருக்கு அவருடைய தெருத் தபால்காரர் பதிவுத் தபாலை ஒழுங்காகக் கொண்டுவந்து கொடுத்திருப்பார். அதனால் அப்படி ஒரு கேள்வியே அவருக்குத் தோன்றியிருக்காது.

நான் அப்போதுதான் கடம்பத்தூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகிக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் வந்திருந்தேன். கடம்பத்தூரில் எல்லாம் நெல் பயிரிடும் குடும்பங்கள். கடிதம் கொடுத்தால் போதாது, நானே படித்துக் காட்ட வேண்டும். ஆடி மாதம் பெண்ணை அனுப்ப முடியாது என்று சம்பந்தி எழுதியிருந்தால், "இன்னாப்பா, இப்டி எழுதிக்கினு வந்துகீற?" என்று என்னைத்தான் கேட்பார்கள். எழுதியவருக்குப் போக வேண்டிய திட்டு முழுவதும் கொண்டுவந்தவனுக்கே கிடைக்கும். அந்த வேலைக்குத் தனிப்படி கிடையாது.

இந்தப் பக்கம் நிலைமை வேறு. பொட்டல் காட்டில் அரசாங்கம் தொழிற்பேட்டை போட்டுக்கொண்டிருந்தது. கட்டடம் வருவதற்கு முன் பெயர்ப்பலகை வந்தது, பலகை வருவதற்கு முன் விண்ணப்பங்கள் போயின. இரும்பு உருக்குகிற ஆலை ஒன்று ஆள் எடுக்கிறது என்று செய்தி பரவியதும், இருபது மைல் சுற்றளவில் பள்ளிக்கூட வாசலை எட்டிப் பார்த்தவர்கள் எல்லாரும் விண்ணப்பம் போட்டுவிட்டார்கள். அதுவரை என்னைக் கண்டால் நாய்கள் மட்டும்தான் எழுந்து நிற்கும். திடீரென்று மனிதர்களும் எழுந்து நின்றார்கள். நானும் அது எனக்குச் செய்கிற மரியாதை என்றுதான் முதலில் நினைத்தேன்.

அன்றைய பையில் அந்த ஆலையிலிருந்து ஒரு பதிவுத் தபால் இருந்தது. பழுப்பு நிற நீளக் கவர், ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த விலாசம். எம். ஏழுமலை, ஏரிக்கரைக் குப்பம். அவ்வளவுதான். பழவேற்காட்டு ஏரியின் கரையில் உள்ள எல்லாக் குப்பங்களுமே ஏரிக்கரைக் குப்பங்கள்தான் என்பதை ஆலைக்காரர்களுக்குச் சொல்ல யாரும் இல்லை. கவர் ஏற்கெனவே இரண்டு குப்பங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, 'இப்படி ஒருவர் இல்லை' என்று இரண்டு கையெழுத்துகளில் நற்சான்றிதழ் வாங்கிக்கொண்டு எங்களிடம் வந்திருந்தது.

எங்கள் போஸ்ட்மாஸ்டருக்குத் தொங்கலில் நிற்கிற எந்தக் காரியமும் பிடிக்காது. "இத்த மறுபடியும் தூக்கிக்கினு வராதய்யா," என்றார். "ஒண்ணு கையெழுத்தோட வா. இல்லன்னா 'மறுத்தார்'னு எழுதிக்கினு வா. நாலு மணிக்குப் பை கட்டணும்."

பதினொரு மணிக்குக் குப்பத்தில் இருந்தேன். ஆண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கரையில் உட்கார்ந்து வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சைக்கிளை நிறுத்தி, மணியையும் அடித்து, நாடகக்காரன் மாதிரி உரக்கக் கேட்டேன்.

"எம். ஏழுமலை யாருப்பா? இரும்புக் கம்பெனிலேர்ந்து ரிஜிஸ்டர் வந்திருக்கு!"

இதில் என்ன தவறு என்று கேட்பீர்கள். எனக்கும் அப்போது தெரியவில்லை. வலை ஊசிகள் நின்றன. எல்லாரும் என்னைப் பார்க்காமல் இரண்டு பேரைப் பார்த்தார்கள். ஒருவன் நெட்டை, ஒருவன் குட்டை. இருவர் பெயரும் ஏழுமலை. அண்ணன் தம்பி பிள்ளைகள், ஒரே சாமிக்கு வேண்டிக்கொண்டு பெயர் வைத்த குடும்பம். எதிரெதிர் வீடு. மூன்று வருடமாக முகம் பார்ப்பதில்லை.

பதிவுத் தபாலுக்காக அடித்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். தன்னுடையது இல்லாததைத் தன்னுடையது என்று குலசாமி மேல் சத்தியம் செய்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் தலைகீழாகப் பார்த்தேன்.

"எனக்கெதுக்குக் கம்பெனி?" என்றான் நெட்டை. "அதோ குந்திகினு கீறான் பாரு, அவன்துதான்."

"யார்து? என்துன்றியா?" குட்டை எழுந்தான். வலது காலை ஊன்றாமல் நொண்டியபடி வந்தான். "ஏரித் தண்ணில பொறந்தவன் நானு. கம்பெனிக்குக் கடுதாசி போட்டவன் எவனோ அவன்கிட்ட குடு. அவன்துதான்."

"அவன்து."

"இல்ல, அவன்து."

சுற்றி இருந்தவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. நான் சட்டப்படி நடப்பவன். "எம்முன்னா அப்பா பேரு. உங்க அப்பா பேரு இன்னா?" என்று முதலில் நெட்டையைக் கேட்டேன்.

"முனுசாமி."

எம் சரியாக இருந்தது. குட்டையிடம் திரும்பினேன். "உன் அப்பா பேரு?"

அவன் கடுப்பில் இருந்தான். என் முகத்துக்கு நேராக, "மண்ணாங்கட்டி!" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. "மரியாதையா பேசு. கவர்மென்ட் ஆள்கிட்ட பேசிக்கினு கீற," என்றேன். இன்னும் சிரித்தார்கள். "இன்னா நைனா, கேட்டதுக்குத்தானே பதில் சொன்னான்," என்றார் ஒருவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. இலவசமாக நடக்கிற கூத்தைப் பாதியில் நிறுத்தி விளக்கம் சொல்ல அங்கே யாருக்கும் மனம் இல்லை.

நான் தர்க்கப்படி முடிவு செய்தேன். ஒருவன் தகப்பன் பெயரைச் சொன்னான். ஒருவன் வாய்க்கு வந்ததைச் சொன்னான். ஆகவே கவர் முனுசாமி மகனுடையது. நீட்டினேன். நெட்டை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "என் கைல வைக்கமுடியாது உன்னால," என்றான். பரம திருப்தியுடன் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். இனி 'மறுத்தார்' என்று எழுதுவதில் எந்தச் சிக்கலும் இல்லை. அவ்வளவு தெளிவான மறுப்பை என் சர்வீஸில் பார்த்ததில்லை. நாம் எவ்வளவு தெளிவாக இருக்கிறோமோ அவ்வளவு தப்பாக இருக்கிறோம் என்பது இந்த உத்தியோகத்தில் தினமும் நடக்கிற காரியம்.

சவுக்குத் தோப்புத் தாண்டி, கரைமேட்டில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பேனா மூடியைக் கழற்றினேன். அப்போது பின்னால் ஒரு பெண் ஓடிவந்தாள். மீன் விற்கப் போகிறவள் மாதிரி இடுப்பில் கூடை. கூடையில் மீன் இல்லை.

"அண்ணா, நில்லு. எழுதாத. அது எங்க ஊட்டு ரிஜிஸ்டரு."

அவள் பெயர் தேசம்மா, குட்டை ஏழுமலையின் மனைவி.

"உங்க ஊட்டுக்காரருதான் இல்லன்னுட்டாரே," என்றேன். "என்னைத் திட்டவும் திட்டினாரு."

"ஊரு முன்னால வேற இன்னா சொல்லுவாரு? நீ பாட்டுக்கு மணி அடிச்சு, கம்பெனி கம்பெனின்னு கூவற. ஆமான்னா அப்பவே பாடு பூடும்."

பாடு என்றால் என்ன என்று அவள்தான் சொன்னாள். ஏரியில் இறால் நன்றாக விழுகிற இடங்கள் கொஞ்சம்தான். யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று ஊர்க்கூட்டத்தில் சீட்டுப் போட்டுப் பிரிப்பார்கள். ஒருவனுக்கு விழுகிற அந்த முறைதான் அவன் பாடு. வெளியே கூலிக்குப் போகிறவனுக்குப் பாடு கிடையாது என்பது அந்தக் குப்பத்தின் கட்டுப்பாடு. அடுத்த கூட்டம் நாலைந்து நாளில். ஒருவன் பெயர் கழிந்தால் எதிர்வீட்டுக்காரனுக்கு ஒரு முறை கூடுதலாக விழலாம். நெட்டை ஏன் அவ்வளவு தாராளமாகக் கவரைத் தானம் செய்தான் என்பது அப்போது புரிந்தது.

"அப்புறம் ஏன் விண்ணப்பம் போட்டீங்க?"

"அந்தக் காலப் பாக்கலியா நீ? உப்புத் தண்ணில நின்னு நின்னு புண்ணு. ஒரு வருசம் தண்ணில எறங்காதன்னுட்டாரு டாக்டரு. பாட்ட வெச்சிக்கினு கரைல நின்னு பாத்தா இறாலு தானா வருமா? நான்தான் இழுத்துக்கினு போயி எழுதிப் போட்டேன். ஆரம்பாக்கத்துல எங்க சித்தப்பா பையனுக்கும் இதே மாதிரி வந்துச்சு. வியாழக்கெழம காலைல இந்தக் கடுதாசிய கேட்டுல காட்டுனாத்தான் உள்ள வுடுவாங்களாம்."

செவ்வாய்க்கிழமை நாலு மணிப் பையில் கவர் திரும்பிப் போனால் என்ன ஆகும் என்று நான் யோசித்தேன். ஆலை எங்கள் ஆபீஸிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது. ஆனால் கவர் நடந்து போகாது. மெட்ராஸ் வரைக்கும் ரயிலில் போய், அங்கே ஓய்வெடுத்து, அதே ரயில் பாதையில் திரும்பிவந்து ஆலைக்குள் நுழையும். அதற்குள் வியாழக்கிழமை பழைய கிழமையாகியிருக்கும். அப்புறம் அவனுக்குப் பாடும் பிரயோசனம் இல்லை, ஆலையும் இல்லை.

"சரிம்மா. ஆனா இது உங்க ஊட்டுதுதான்னு எனக்கு எப்டித் தெரியும்? புருசன் பேரு சொல்லு."

"நல்லாக்குதே. புருசன் பேர எப்டி சொல்றது?"

"அது ஏழுமலைதான், தெரியும். மாமனாரு பேரு சொல்லு. எம்முக்கு அதுதான் வேணும்."

"புருசன் பேரே சொல்லமாட்டேன்றேன், மாமனாரு பேரு கேக்கற."

"அப்ப யாரு பேரதான் சொல்லுவ?"

"உன் பேரு வேணா சொல்றேன். இன்னா பேரு உனுக்கு?"

எனக்குக் கோபம் வந்தது. மூடி கழற்றிய பேனா கையில் காய்ந்துகொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தாள். சட்டென்று குனிந்து, கரையிலிருந்து கை கொள்ளாத அளவுக்குக் காய்ந்த மண்கட்டி ஒன்றைப் பெயர்த்து, ஓங்கிப் பிடித்தாள். நான் பின்னால் நகர்ந்து தபால் பையை முகத்துக்கு நேராகத் தூக்கினேன். அரசாங்கச் சொத்தால் உயிரைக் காத்துக்கொண்ட முதல் ஊழியன் நானாகத்தான் இருப்பேன்.

"அட, அடிக்கவா போறேன்? பாருண்ணா. இது இன்னா?"

"மண்ணு."

"வெறும் மண்ணா? நல்லாப் பாரு."

"கல்லு."

"பேஜாரு பண்ணாதண்ணா. கல்லா இது? ஒடைஞ்சா தூளாவுது பாரு. இத்துக்கு இன்னா பேரு?"

பையை மெல்ல இறக்கினேன். "மண்ணாங்கட்டி," என்றேன்.

அவள் உடனே கட்டியைக் கீழே வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துத் தோள் நிறையப் போர்த்திக்கொண்டாள், மாமனாரே எதிரில் வந்து நின்றுவிட்டதுபோல. "அதான்," என்றாள் மெதுவாக. "அவருக்கு முன்னால பொறந்த மூணும் தங்கலியாம். நல்ல பேரு வெச்சாத்தானே எமன் கேட்டுக்கினு வருவான்னு இப்டி வெச்சாங்களாம்."

எமனை ஏமாற்ற வைத்த பெயர் ஒரு தலைமுறை கழித்து ஒரு தபால்காரனையும் ஏமாற்றியது. ஆக, ஒரே நாளில் இரண்டாவது முறையாக அதே பதில் எனக்குக் கிடைத்திருந்தது. குட்டை ஏழுமலை என்னைத் திட்டவில்லை. ஊர் முன்னால் 'இல்லை' என்று சொல்ல வேண்டிய இக்கட்டிலும், தகப்பன் பெயரைக் கேட்டதும் அவனுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. அந்த ஒரு உண்மையைத்தான் நான் வசவு என்று எடுத்துக்கொண்டேன்.

அவள் கையை நீட்டினாள். "குடுண்ணா, நான் கொண்டுபோறேன்." இங்கே உங்களில் பலர் கொடுத்துவிடுவீர்கள். நல்ல மனசு என்று பெயர் வாங்குவீர்கள். அவள் சொன்னது உண்மை என்று நான் நம்பினேன். ஆனால் நேரம் தப்பித் தெரிந்துகொண்ட உண்மையைக் கொண்டு விதியை மீறுகிற தைரியம் எனக்கு இல்லை. காலையில் நான் நம்பியதும் அதே உறுதியோடுதானே? கொடுக்கவில்லை.

"அவரை ஆபீஸுக்கு வரச் சொல்லு. நாலு மணிக்குள்ள."

"எல்லாம் பாத்துக்கினே இருப்பாங்கண்ணா."

"நூல் வாங்கப் போறேன், பல்லு வலி, எதையாவது சொல்லிக்கினு வரட்டும்."

ஆபீஸுக்குத் திரும்பியபோது போஸ்ட்மாஸ்டர் கவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மறுத்தானா?"

"மறுக்கல சார். தன்னுது இல்லன்னான்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"இல்ல சார். எனக்கு வந்ததுதான், ஆனா வாங்க மாட்டேன்னு சொன்னாத்தான் மறுப்பு. இவன் எனக்கு வரவே இல்லன்றான்."

"வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீ. சைக்கிள் மிச்சம். சரி, யார்துன்னு தெரிஞ்சுதா? அப்பா பேரு இன்னா?"

"மண்ணாங்கட்டி சார்."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அதன்பிறகு நடந்ததை நான் டைரியில் எழுதவில்லை. அவர் உட்கார்ந்து, நான் முழுக்கதையையும் சொல்லி முடித்தபோது மூன்றரை. கவரை ஆபீஸில் வைத்திருந்து விலாசதாரர் நேரில் வந்து வாங்க விடலாம் என்று விதியில் இடம் உண்டு. அதை அவர் படித்தும் பார்த்தார். ஆனால் அது ஏற்கெனவே இரண்டு குப்பம் சுற்றித் தாமதமான கவர். மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். "பை கட்டற வரைக்கும் வைக்கிறேன்," என்றார். "வந்தா வந்தான். வரலன்னா உன் மண்ணாங்கட்டிய மெட்ராஸ் பாத்துக்கும்."

நாலு மணிக்குப் பையின் வாயைக் கட்டி அரக்கு முத்திரை வைப்பது என் வேலை. அன்றைக்கு அந்த அரக்கு உருகவே மாட்டேன் என்றது. தீக்குச்சி ஒன்று அணைந்தது. இன்னொன்று அணைந்தது. போஸ்ட்மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "காத்து அதிகமா சார்," என்றேன். ஜன்னல் மூடியிருந்தது. அவர் மூடியிருந்த ஜன்னலைப் பார்த்தார், பிறகு ஏதோ பழைய ரிக்கார்டைத் தேடிக்கொண்டு உள்ளறைக்குப் போனார். எதைத் தேடினார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

குட்டை ஏழுமலை வந்தான். மோவாயிலிருந்து உச்சந்தலை வரைக்கும் துண்டு கட்டியிருந்தது. நொண்டிக்கொண்டும் முனகிக்கொண்டும் கவுன்ட்டருக்கு வந்தான். பல்வலி என்று நான் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டுவிட்டான்.

"உள்ள யாரும் இல்லப்பா, அவுத்துடு," என்றேன்.

"எதுர் டீக்கடைல எங்க ஊரு ஆளு ஒருத்தன் கீறான் சார்," என்றான் துண்டுக்குள்ளிருந்து. திரும்பவும் முனகினான், டீக்கடைக்குக் கேட்கிற மாதிரி.

போஸ்ட்மாஸ்டர் வெளியே வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அப்பா பேரு?"

துண்டுக்குள்ளிருந்து என்ன வந்ததோ, "ம்ம்ங்..." என்று கேட்டது. போஸ்ட்மாஸ்டர் கையை உயர்த்தினார். "போதும், போதும். முழுசா சொல்லவேணாம். கையெழுத்துப் போடு."

அவன் கவரை வாங்கி வேட்டி மடிப்பில் செருகி, மேலே சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். வாசலில் நின்று என்னைப் பார்த்தான். "நேத்து வரைக்கும் பல்லு வலின்னா இன்னான்னே தெரியாது சார் எனக்கு. வர வழியெல்லாம் ஆளாளுக்கு வைத்தியம் சொல்லிக் கிராம்ப வாயில போட்டுட்டாங்க. இப்ப நெஜமாவே எரியுது."

நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு அரக்கு உருகியது. பை போயிற்று.

அவனை வியாழக்கிழமை ஆலையில் உள்ளே விட்டார்கள், வேலைக்கும் எடுத்துக்கொண்டார்கள். ஊர்க்கூட்டம் அவன் பாட்டை எடுத்துக்கொண்டது. கால் புண் ஆறியது. இதெல்லாம் பிறகு நடந்தவை, ஆலையின் சமாச்சாரம், ஊரின் சமாச்சாரம். நம் சமாச்சாரம் வேறு. ஊர் பார்க்க ஒருவன் சொல்கிற 'வேண்டாம்' என்பதை மறுப்பாக எழுதுவதற்கு முன், அவனை ஊர் பார்க்காத இடத்தில் ஒருமுறை கேளுங்கள். அனுப்பியவர் பெயரைக் கூவாதீர்கள். விலாசத்தைப் படிக்கத்தான் நமக்குச் சம்பளம், விளம்பரம் செய்ய அல்ல. இதை நான் ஒரு மண்கட்டியிடம் கற்றுக்கொண்டேன். நீங்கள் வகுப்பறையில் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறீர்கள், அதிர்ஷ்டசாலிகள்.

மறுநாள் புதன்கிழமை. காலையில் நான் ஆபீஸ் கதவுக்கு வந்தபோது, படியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். நெட்டை ஏழுமலை. மோப்பம் பிடிக்க வந்திருக்கிறான் என்று நினைத்தேன்.

"நேத்து அவன் வந்தானா?" என்றான்.

"யாரு வந்தாங்க, யாரு போனாங்கன்னு சொல்றதுக்கு எனக்குச் சம்பளம் இல்லப்பா."

"சரி வுடு. நல்லதுதான். அப்டியே இரு." தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு இடுப்பிலிருந்து, வேர்வையில் நனைந்த ஒரு கவரை எடுத்தான். அதே ஆலைக்கு விண்ணப்பம். "இத்துக்கு மேல விலாசம் எழுதிக் குடு நைனா. பதிலு வந்தா ஊட்டுப் பக்கம் கொண்டாந்துடாத. நீ வேற மணி அடிச்சிக் கூவற ஆளு. இங்கியே வெச்சிரு, நானே பல்லு வலின்னு வந்து வாங்கிக்கறேன்."

கதவைத் திறந்தேன். பையைப் பிரிக்கவில்லை, முத்திரைக்குத் தேதி மாற்றவில்லை. மேஜையில் கவரை வைத்துப் பேனா மூடியைக் கழற்றினேன்.

"அனுப்புநர்ல இன்னா போட?"

"எம். ஏழுமலைன்னு போடேன், போதும்."

அவனுடைய தகப்பன் பெயரை, ஆங்கிலத்தில், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, ஒன்றுகூட விடாமல் எழுதினேன்.